நடுவில் தொடு

நான் வளர்ந்த கோவை பீளமேட்டுத் தெருவுக்கு நேரம் சொன்னது மில் சங்கு. முதல் சங்குக்கு அம்மா அடுப்பைப் பற்ற வைப்பாள். அடுத்த சங்கு ஊதுவதற்குள் அப்பா தூக்குப்போசியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். அவர் நூல் மில்லில் பிட்டர். சாயங்காலம் திரும்பி வரும்போது தலைமுடியில் பஞ்சும் கையில் கிரீஸ் வாடையும் இருக்கும். தெருவின் ஒரு கோடியில் லேத்துப் பட்டறை. மறு கோடியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. இடையில் கிரைண்டர் கல் கொத்துகிறவர்கள். பள்ளத்தைத் தாண்டினால் பவுண்டரி. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியெல்லாம் யாராவது ஒருவர் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஓடாமல் நின்றதைத் தூக்கிப் போடுவது என்கிற எண்ணமே அந்தத் தெருவில் யாருக்கும் வந்ததில்லை. திறந்து பார்ப்பார்கள். அந்தப் பழக்கம்தான் எனக்கும் தொற்றியது. ரேடியோவில் தொடங்கி, காருக்குப் போய், கம்ப்யூட்டருக்கு வந்து, தலை நரைத்த இந்த வயதிலும் விடாமல் கூடவே இருக்கிறது.

ஊரே அப்படிப்பட்ட ஊர். இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் 1937இல் எங்கள் பீளமேட்டிலிருந்துதான் வந்தது. அதைச் செய்தவர் டி. பாலசுந்தரம் நாயுடு; உடன் நின்றவர் ஜி.டி. நாயுடு. என் அம்மாவைப் பெற்ற அப்புச்சிக்கு ஊர் சூலூர்ப் பக்கம். ஜி.டி. நாயுடு பிறந்த கலங்கல் அங்கிருந்து தொலைவில்லை. அதனால் அவரைப் பற்றிய கதைகளை அப்புச்சி சொந்தக்காரர் கதையாகவே சொல்வார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒற்றை பஸ் ஓட்டத் தொடங்கியவர், பிறகு பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே நடத்தியது. சவரக் கத்தி முதல் ரேடியோ வரை தானே செய்து பார்த்தது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தது. 1945இல் அவர் முயற்சியில் உருவான ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியின் பெயர்தான் இன்றும் 'ஹோப் காலேஜ்' என்று பஸ் நிறுத்தமாக நிற்கிறது. அவிநாசி ரோட்டில் இருந்த அவருடைய தொழிற்காட்சிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை வரிசையாகக் கூட்டிப் போனார்கள். வெட்டித் திறந்து வைத்த என்ஜின்களின் முன்னால் நான் நகராமல் நின்றது நினைவிருக்கிறது. உள்ளே இருப்பதை மறைக்காமல் காட்டிய அந்த மனதின் அருமை அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது.

அப்புச்சி வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. மரப்பெட்டி, முன்னால் தங்க நிறத் துணி, கண்ணாடி முகப்பில் லண்டன், கொழும்பு, டெல்லி, மெட்ராஸ் என்று ஊர்ப் பெயர்கள். பொத்தானைத் திருகினால் உடனே பேசாது. உள்ளே வால்வுகள் சூடேற வேண்டும். பின்பக்க அட்டையின் ஓட்டைகள் வழியே ஒவ்வொன்றாகச் செந்நிறம் ஏறுவதைக் கண்ணை ஒட்டி வைத்துப் பார்ப்பேன். சூடான தூசியும் மெழுகும் கலந்த வாசனை ஒன்று வரும். பிறகு முகப்பில் 'மேஜிக் ஐ' என்கிற பச்சை விளக்கு ஒளிரும். ஸ்டேஷன் சரியாக அகப்பட்டால் அதன் இரண்டு பச்சைப் பட்டைகளும் நெருங்கி வந்து சேரும். மத்தியானங்களில் இலங்கை வானொலி. கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசும்போது அம்மாவின் அம்மாவான அம்மிச்சி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். அந்தக் காலத்தில் ரேடியோவுக்கு லைசென்ஸ் உண்டு. தபாலாபீசில் ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்டி, சிறு புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். அப்புச்சி அந்தப் புத்தகத்தைத் தோட்டத்துப் பத்திரங்களோடு பெட்டியில் வைத்திருந்தார்.

ஒரு கோடை விடுமுறையில் அந்த ரேடியோ ஊமையாகிவிட்டது. விளக்கு எரிந்தது, வால்வுகள் சிவந்தன, குரல் மட்டும் வரவில்லை. அப்புச்சி அதைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பீளமேடு வந்தார். எங்கள் தெரு முனையில் இருந்த ரேடியோ ரிப்பேர் கடைக்கு நானும் கூடவே போனேன். கடைக்காரரைத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் ரேடியோ மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஒடுங்கிய கடை, சுவர் நிறைய மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், எச்.எம்.வி. என்று பெட்டிகள். மேஜைமேல் நாற்பது வாட் பல்பு, ஈயக்கம்பிச் சுருள், பேஸ்ட் டப்பா, ஊசி மல்டிமீட்டர். அப்புச்சி பேசிக்கொண்டிருக்க, நான் வாசலிலேயே நின்றேன்.

"ஏங்கண்ணு அங்கயே நின்னுட்ட? உள்ள வா. கைய மட்டும் பின்னால கட்டிக்க" என்றார் மாமா.

அன்று அவர் செய்ததை இத்தனை வருடங்களுக்குப் பிறகும் வரிசை மாறாமல் என்னால் சொல்ல முடியும். பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, சேசிஸை வெளியே இழுத்துக் கவிழ்த்தார். நூற்றுக்குக் குறையாத துண்டுகள். அவற்றுக்கு நடுவே பின்னிக் கிடந்த ஒயர்கள். எங்கிருந்து தொடங்குவார் என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. அவர் முதல் கோடியிலிருந்தும் தொடங்கவில்லை, கடைசிக் கோடியிலிருந்தும் தொடங்கவில்லை. மரப்பிடி போட்ட திருப்புளியின் நுனியால் வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலைத் தொட்டார். ஸ்பீக்கரிலிருந்து 'கொர்ர்' என்று சத்தம் வந்தது. மாமா முகத்தில் திருப்தி.

"பாத்தயா? இது பெட்டிக்கு நட்ட நடு. இங்க தொட்டாச் சத்தம் வருது. அப்ப இதுக்குப் பின்னால இருக்கறதெல்லாம் நல்லா இருக்குதுன்னு அர்த்தம். ஸ்பீக்கரு, அவுட்புட் வால்வு, டிரான்ஸ்பார்மரு, எல்லாத்தையும் மறந்துரு. பாதி வேல முடிஞ்சுது."

பிறகு மீதிப் பாதியின் நடுவுக்குப் போனார். அங்கே தொட்டதும் 'டொக்' என்று சத்தம். அந்தப் பகுதியும் சரி. அடுத்து ஏரியலிலிருந்து வருவதை முதலில் வாங்குகிற வால்வு. அதன் பெயர் ஈசிஎச்81. அங்கே சத்தமே இல்லை. மல்டிமீட்டர் ஊசியை வைத்தார். இருக்க வேண்டிய மின் அழுத்தம் அங்கே இல்லை. அதற்கு மின்சாரம் கொண்டுபோகிற 22,000 ஓம் ரெசிஸ்டர் கருகிக் கிடந்தது. அதன் வளையங்களின் நிறம்கூட மங்கியிருந்தது. கருகியதைக் கண்டுபிடித்தாகிவிட்டது, இனி மாற்றிப் போட்டால் சரி என்று நான் நினைத்தேன். மாமா அங்கே நிறுத்தவில்லை.

"கருகுனது குத்தவாளி இல்ல கண்ணு. அதையக் கருக வெச்சது எதுன்னு பாக்கோணும்."

ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் மெழுகு பூசிய ஒரு காகிதக் கண்டன்சர் இருந்தது. பழசாகி, உள்ளுக்குள் மின்சாரத்தைக் கசியவிட்டு, கடைசியில் ஷார்ட் ஆகிப்போயிருந்தது. அது இழுத்த மின்சாரத்தைத் தாங்க முடியாமல்தான் ரெசிஸ்டர் எரிந்தது. ரெசிஸ்டரை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் அன்றைக்கே எரிந்திருக்கும். மாமா இரண்டையும் மாற்றினார். ஈயம் உருகிப் பளபளத்து, ஒரு கணத்தில் மங்கி உறைவதை அன்றுதான் முதலில் பார்த்தேன். செருகியைச் செருகிச் சில விநாடி காத்திருந்தோம். பச்சைப் பட்டைகள் நெருங்கின. கோவை நிலையத்தில் யாரோ நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்.

நடுவில் தொடு, கருகியதோடு நிற்காதே. வாழ்நாள் முழுவதும் என்னைக் கொண்டு செலுத்திய இரண்டு பாடங்களும் அந்த ஒரு பிற்பகலில் கிடைத்தவை. வேறெந்த வகுப்பறையிலும் இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் எதையும் கற்றுத் தந்ததில்லை.

அதன் பிறகு சனி, ஞாயிறு என்றால் நான் மாமா கடையில்தான். காசு கேட்கவுமில்லை, அவர் கொடுக்கவுமில்லை. கற்றுக் கொடுத்தார், அதுவே பெரிது. ரெசிஸ்டரின் நிற வரிசையைச் சொல்லிப் பழக்கினார்: கறுப்பு சைபர், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு மூன்று, மஞ்சள் நான்கு, பச்சை ஐந்து, நீலம் ஆறு, ஊதா ஏழு, சாம்பல் எட்டு, வெள்ளை ஒன்பது. மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் நான்கு, ஏழு, இரண்டு சைபர். ஆக 4,700 ஓம். வாய்ப்பாட்டைவிட வேகமாக இது எனக்கு மனப்பாடமானது. வால்வு ரேடியோவில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும் என்பதையும், செருகியைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும் என்பதையும், சேசிஸைத் தொடும் முன்பு டெஸ்டரால் பார்க்க வேண்டும் என்பதையும், ஒரு கை வேலை செய்யும்போது மறு கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதையும் அவர் ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை. இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சைக் கடந்து போகும். அந்த ஒழுக்கத்தை அவர் எனக்குள் ஆழமாக இறக்கினார்.

ரேடியோ எப்படி ஸ்டேஷனைப் பிரித்தெடுக்கிறது என்பதையும் மாமாதான் விளக்கினார். வானத்தில் எல்லா ஸ்டேஷனும் ஒரே நேரத்தில் வந்து மோதுகிறது. வேண்டியதை மட்டும் எடுத்துப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனின் அலைவரிசைக்கும் தனித்தனியாகப் பெருக்கி அமைப்பது சாத்தியமில்லை. அதனால் ரேடியோவுக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கி, வரும் அலையோடு கலக்கிறார்கள். கோவை 999 கிலோஹெர்ட்ஸில் வந்தால் உள்ளே உண்டாவது 1454, வித்தியாசம் 455. வேறு ஸ்டேஷனுக்குத் திருப்பினால் உள் அலையும் கூடவே மாறும். வித்தியாசம் அதே 455. எந்தக் களத்து நெல் வந்தாலும் ஒரே படியால் அளப்பது போல, எந்த ஸ்டேஷனையும் அந்த ஒரே அலைவரிசைக்கு மாற்றிப் பெருக்குகிறார்கள். இதைப் புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை யோசித்த மனிதர்களை நினைத்து மரியாதையாக இருந்தது.

நானே செய்த முதல் ரேடியோவுக்குக் கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். அப்பா மில்லிலிருந்து நூல் சுற்றும் அட்டைக் குழல் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். மோட்டார் கடையில் மிஞ்சிய இனாமல் கம்பியை அதன்மேல் நெருக்கமாகச் சுற்றினேன். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடி ஒரு கேங் கண்டன்சரும் காதுக் கருவியும் கிடைத்தன. ஓஏ79 என்கிற ஜெர்மானியம் டயோடை மாமா கொடுத்தார். ஓட்டு வீட்டு முகட்டிலிருந்து வேப்பமரம் வரை ஏரியல், குழாயடியில் எர்த். காதில் வைத்துக் கேங்கை மெல்லத் திருப்பினேன். மெல்லிய குரலில் விவசாய நிகழ்ச்சி. உரம் போடுவது பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்க வைத்த சக்தி முழுவதும் ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து காற்றில் வந்தது. வேறு எதுவும் அதை ஓட்டவில்லை. அம்மாவை இழுத்து வந்து காதில் வைத்தேன். "கரண்டே இல்லாமயா?" என்று கேட்டாள். அவள் கண்ணில் தெரிந்த வியப்பு என் வியப்பைவிடப் பெரிது. அன்றிலிருந்து வீட்டில் ஈயப் புகைக்குத் தடை சொன்னதில்லை.

அந்தச் சின்ன ரேடியோவை விட்டு டிரான்சிஸ்டர் ரேடியோ கட்டப் பழகியபோது ஒரு புதிர் முளைத்தது. தெருவில் ஸ்கூட்டர் போகும்போதெல்லாம் பாட்டுக்கு நடுவே 'டட்டட்' என்று இரைச்சல் வரும். ஸ்கூட்டர் தூரம் போகப் போகக் குறையும். மாமாவிடம் கேட்டேன். "அதுக்குப் பதில் எங்கிட்ட இல்ல சாமி. அந்த ஒர்க்‌ஷாப் மேஸ்திரிகிட்டப் போய்ப் பாரு" என்று அனுப்பி வைத்தார். தனக்குத் தெரிந்ததன் எல்லையை அறிந்து, அடுத்த ஆசானிடம் கையைப் பிடித்துக் கொடுக்கிற பெருந்தன்மை அவருக்கு இருந்தது.

அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் சந்தில் அந்த ஒர்க்‌ஷாப். புளியமரத்தடியில் அம்பாசிடர்களும் பிரீமியர் பத்மினிகளும் நிற்கும். அம்பாசிடரின் பானட்டைத் தூக்கினால் ஒரு பையன் இறங்கி நிற்குமளவுக்கு உள்ளே இடம் இருந்தது. என்ஜினின் ஒவ்வொரு உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். மேஸ்திரி அதிகம் பேசாதவர். மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டைக் கழுவுகிற வேலையை முதலில் கொடுத்தார். எந்த நட்டு எங்கிருந்து வந்தது என்று மறக்காமல் இருக்க, கழற்றிய வரிசையிலேயே துணிமேல் பரப்பி வைக்கும் பழக்கம் அங்கே வந்தது. இன்றைக்கும் அப்படித்தான் வைக்கிறேன்.

ஒருநாள் காலை ஒரு வாடகைக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. மேஸ்திரி நேராகப் பானட்டைத் தூக்கி, இக்னிஷன் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருகிற தடித்த ஒயரைப் பிடுங்கினார். நுனியை என்ஜின் உடம்புக்கு அருகே பிடித்துக்கொண்டு, "அடிங்க" என்றார். டிரைவர் ஸ்டார்ட்டரை அடித்தார். பொறி வந்தது. ஆனால் வெளிறிய, மெலிந்த பொறி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் தொட்ட இடம் என்ஜினின் மின்சாரப் பாதைக்கு நட்ட நடு! நல்ல நீலப் பொறி வந்திருந்தால் பேட்டரியிலிருந்து காயில் வரை எல்லாம் சரி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார், பிளக், பெட்ரோல் என்று முன்னால் போகலாம். பொறி சரியில்லை, ஆகவே கோளாறு பின்னால். ரேடியோ மாமாவும் மேஸ்திரியும் ஒருவரோடொருவர் தொழில் பேசியவர்கள் அல்ல. இருவர் கையும் ஒரே இடத்துக்குப் போயிருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தார். காயிலின் மின்சாரத்தை அறுக்கிற பாயிண்ட் இருப்பது அதற்குள்தான். பாயிண்ட் இரண்டும் கரிந்து குழி விழுந்திருந்தன. உப்புத்தாளால் தேய்த்தால் போதும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். எனக்கு மாமாவின் குரல் கேட்டது. பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் விரல் நுனி அளவில் ஓர் உலோக உருளை திருகப்பட்டிருந்தது. "மேஸ்திரி, இது கண்டன்சர்தானுங்களே? இது போயிருந்தாப் பாயிண்ட் கரியுமுங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அதையும் கழற்றிப் புதியதைப் போட்டார். ஃபீலர் கேஜை வைத்துப் பாயிண்ட் இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்குக்கு நிறுத்தினார். கார் ஒரே அடியில் கிளம்பியது. அது போன பிறகு, "ரேடியோவுல படிச்சதா தம்பி?" என்று கேட்டார். அதிலிருந்து எனக்கு மண்ணெண்ணெய் வேலை இல்லை. அவர் பக்கத்தில் நிற்கிற வேலை.

பாயிண்ட் பிரியும் கணத்தில் காயிலில் ஓடும் மின்சாரம் அறுந்து, அதன் காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவுதான் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக்கிப் பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது. கண்டன்சர் இல்லையென்றால் மின்சாரம் அறுபடாமல் பாயிண்ட்டிலேயே தீயாகத் தாவி, அதைக் கரித்துவிடும். பிளக்குக்கு வலு போய்ச் சேராது. ஸ்கூட்டர் இரைச்சலுக்கும் விடை அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு பொறியும் ஒரு ரேடியோ அலையை வீசுகிறது. 1880களின் கடைசியில் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் உலகுக்கு முதன்முதலில் ரேடியோ அலையை நிரூபித்துக் காட்டியதே மின்பொறியை வைத்துத்தான். தெருவில் போன ஸ்கூட்டர் ஒவ்வொன்றும் தன்னை அறியாமல் ஒலிபரப்பிக்கொண்டு போயிருக்கிறது. ரேடியோ வேறு, கார் வேறு என்று என் மனதில் இருந்த சுவர் அன்று இடிந்தது.

படிப்புக்கும் துணை கிடைத்தது. கோவையிலிருந்து ஜி.ஆர். தாமோதரன் நிறுவிய 'கலைக்கதிர்' வந்துகொண்டிருந்தது. அறிவியலைத் தமிழிலேயே படிக்க முடிந்ததால் புரிந்தது நெஞ்சில் நின்றது. டெல்லியிலிருந்து வந்த 'எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' இதழின் சர்க்யூட் படங்களை நூலகத்தில் உட்கார்ந்து நோட்டில் வரைந்துகொள்வேன்.

1984இல் நாடு முழுவதும் சில நூறு மேல்நிலைப் பள்ளிகளுக்கு மத்திய அரசு கம்ப்யூட்டர் கொடுத்தது. 'கிளாஸ்' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். எங்கள் பள்ளிக்கும் வந்தது, பிரிட்டனின் பிபிசி மைக்ரோ. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அது இருந்த அறைக்குள் போக வேண்டும். பொத்தானை அழுத்தினால் பீப் என்று ஒலித்து, 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று திரையில் எழுத்து வரும். மொத்த நினைவகமே 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதில் அடக்க முடியாது. ஆனால் அது எதையும் ஒளிக்கவில்லை. இயக்கியதும் பேசிக் மொழி காத்து நிற்கும். நாம் சொன்னதை உடனே செய்யும். தவறென்றால் எந்த வரியில் என்று சொல்லும்.

அந்த அறையில் ஆசிரியர் ஒருநாள் அகரவரிசையில் அடுக்கிய ஆயிரம் பெயர்களில் ஒன்றைத் தேடுவது எப்படி என்று கேட்டார். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆயிரம் முறைகூட ஆகலாம். நடுப்பெயரைப் பார், நாம் தேடுவது அதற்கு முன்னாலா, பின்னாலா? ஒரு பாதியை ஒதுக்கு. மீண்டும் நடு. பத்தே கேள்வியில் ஆள் அகப்பட்டுவிடுவார். 'பைனரி சர்ச்' என்று பலகையில் எழுதினார். எனக்கு மாமாவின் திருப்புளி வால்யூம் கண்ட்ரோலில் பட்டு எழுந்த சத்தம் காதில் ஒலித்தது. நூறு உறுப்புள்ள ரேடியோவில் கோளாறை ஏழு தொடுதலுக்குள் பிடிக்கலாம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அந்த மனிதர், பெயர் தெரியாமலே அந்தக் கணக்கைக் கையால் செய்துகொண்டிருந்தார். கணிதமும் கைத்தொழிலும் ஒரே அறிவின் இரு முகம் என்பதில் எனக்கு அதற்குப் பிறகு சந்தேகமே வந்ததில்லை.

வேலைக்குப் போய்க் கையில் காசு புழங்கியதும், 1990களில் கம்ப்யூட்டரை நானே பூட்டத் தொடங்கினேன். நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் சென்னை. மவுண்ட் ரோட்டிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், மானிட்டர், பொடிக் கண்டன்சர் வரை எல்லாம் ஒரே தெருவில். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் புதுப்பேட்டை. பிரித்த கார்களின் உதிரிகள் ரகம் ரகமாகக் கட்டித் தொங்கும். காலையில் கம்ப்யூட்டருக்கும் மாலையில் காருக்கும் சாமான் வாங்கிக்கொண்டு இரவு ரயிலில் திரும்புவதில் எனக்கு இருந்த சந்தோஷம், பிள்ளைகளுக்குத் திருவிழாக் கடைவீதியில் கிடைக்கிற சந்தோஷத்துக்குக் குறைந்ததல்ல. பூட்டிய கம்ப்யூட்டர் எழும்பவில்லையென்றால், மதர்போர்டு, ஒரு ராம், திரை என்று இன்றியமையாததை மட்டும் வைத்து மற்றதையெல்லாம் கழற்றுவேன். எழும்பினால் அந்தப் பாதி நல்லது. மீதியை ஒவ்வொன்றாகச் சேர்ப்பேன். ராமின் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிரப்பரால் தேய்த்தாலே பல பெட்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

இன்று என் மகனுடைய காரில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, பாயிண்ட் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில்; எப்போது பொறி விட வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு கம்ப்யூட்டர். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் கொண்ட சாக்கெட் இருக்கிறது. அதில் சிறிய கருவியைச் செருகினால் புளூடூத் வழியாக, அதாவது ரேடியோ அலையில், கோளாறு என்ன என்று கைப்பேசிக்குச் சொல்லும். ஒருமுறை பி0301 என்று காட்டியது. முதல் சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது என்பது அதன் பொருள். முதல் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டேன், இரண்டாவதை முதலில். குறி பி0302 என்று மாறியது. கோளாறு காயிலோடு இடம் பெயர்ந்துவிட்டது. ஆகவே குற்றவாளி காயில்தான், பிளக் அல்ல, பெட்ரோல் தெளிக்கும் ஊசி அல்ல. மகன் ஆச்சரியப்பட்டான். நான் அவனுக்கு ரேடியோ மாமாவைப் பற்றிச் சொன்னேன். ரேடியோ, கம்ப்யூட்டர், கார் மூன்றும் இப்போது ஒரே பொருளாகிவிட்டன. தேடும் முறையில் மாற்றமில்லை.

மாறியிருப்பது மூடிதான். அன்றைய பெட்டிகளின் பின்புறம் திருகாணியில் நின்றது. பல ரேடியோக்களின் உள்ளே சர்க்யூட் படத்தையே ஒட்டி அனுப்பினார்கள். இன்று பசை போட்டு ஒட்டுகிறார்கள். சாதாரணத் திருப்புளி நுழையாத திருகாணி, விற்பனைக்குக் கிடைக்காத உதிரி, வெளியே தராத கையேடு. இதை உலகம் உணரத் தொடங்கியிருக்கிறது. பிரான்ஸில் 2021இல் கைப்பேசி, மடிக்கணினி முதலியவற்றுக்கு, எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்று விதி வந்தது. நம் நாட்டில் 2022 டிசம்பர் 24 அன்று, பழுது பார்க்கும் உரிமைக்கென நுகர்வோர் விவகாரத் துறை ஓர் இணையவாசலைத் திறந்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசியும் மின்னணுப் பொருட்களும், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கும் அதில் அடக்கம். நல்ல தொடக்கம். ஆனால் அது சட்டமாகி, உதிரியும் கையேடும் தெருமுனைக் கடைக்காரர் கைக்கு வந்து சேர வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கிற உரிமை வாங்கியவருக்குத்தான் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

சட்டம் வரும்போது வரட்டும். பெற்றோர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் ஓடாத ரேடியோ, நின்றுபோன சுவர்க் கடிகாரம், பழைய விசைப்பலகை, பேட்டரியில் ஓடும் பொம்மைக் கார் எதுவானாலும், பழைய சாமான்காரருக்குப் போடும் முன்பு பிள்ளையிடம் கொடுங்கள். கூடவே ஒரு திருப்புளியும் கொடுங்கள். பிக்சர் டியூப் டிவி, மைக்ரோவேவ் அடுப்பு, யுபிஎஸ், வால்வு ரேடியோ போன்றவை மட்டும் வேண்டாம். கரண்ட்டைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் மின் அழுத்தம் அவற்றில் தங்கியிருக்கலாம். உப்பிய கைப்பேசி பேட்டரியையும் குத்த விடாதீர்கள். மற்றதைத் திறக்கட்டும். கழற்றியதை வரிசையாகப் பரப்பி வைக்கச் சொல்லுங்கள். திரும்பப் பூட்ட முடியாவிட்டாலும் பரவாயில்லை, திட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து, "எது வரைக்கும் நல்லா இருக்குது?" என்று மட்டும் கேளுங்கள். மீதியை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.